தலையசைவில் புரளும் பக்கங்கள்

புவியியல் அறையின் பின்பக்க அலமாரியிலிருந்து அந்த அட்டைப்பெட்டியை இழுத்தபோது, நெவ்யானா அதற்குள் இருந்ததை ஒரு முறைக்கு இரு முறை பார்த்தாள். அடுக்கி வைத்த டேப்லெட்டுகள். வெள்ளை விளிம்பு, பளபளப்புப் போன கறுப்புத் திரை. ஏதோ ஒரு திட்டத்தில் பள்ளிக்கு வந்தவை. வரும்போதே மலிவுச் சரக்கு. முதல் வருடம் பிள்ளைகள் அவற்றில் கண்டங்களைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொரு செயலியாக "உங்கள் கருவி மிகப் பழையது" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டது.

"வெள்ளிக்கிழமை குப்பை வண்டி வருது," என்றார் தலைமையாசிரியை. "வேணும்னா எடுத்துக்க. ஆனா ஒண்ணுக்கும் ஆகாது, சொல்லிட்டேன்."

"ஒரு வரைபடம் திறக்குமான்னு பாக்கறேன்," என்று நெவ்யானா பொய் சொன்னாள். அவள் மனதில் அளந்துகொண்டிருந்தது வேறு. திரையை நிமிர்த்திப் பிடித்தால் ஏறத்தாழ ஓர் இசைத்தாளின் அளவு இருந்தது. அதைப் பார்த்த கணத்திலேயே கைகள் குறுகுறுக்க ஆரம்பித்துவிட்டன. பெட்டியோடு தூக்கிக்கொண்டாள்.

அவளுக்கு வயது நாற்பத்தேழு. பகலில் பள்ளியில் புவியியல் ஆசிரியை. வியாழக்கிழமை மாலைகளில் கார்லோவோவின் சித்தாலிஷ்தே என்ற ஊர்க் கலைமன்றத்தில், நூலகத்துக்கு மேல்மாடியில் உள்ள மேடை அரங்கில், பாடகர் குழுவுக்குப் பியானோ வாசிப்பாள். பல வருடங்களாக அந்த நாற்காலி அவளுடையது. மாதத்தின் மற்ற நாட்கள் எல்லாம் அந்த நான்கு மாலைகளைச் சுற்றித்தான் நின்றுகொண்டிருந்தன என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. போன இலையுதிர் காலத்தில்தான் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

அப்போதுதான் இடது கண்ணின் நடுவில் ஒரு கறை விழுந்தது. இசைத்தாளின் ஐந்து கோடுகளும் ஓரிடத்தில் நெளிந்து, சுரக்குறிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. "முழுசா போகாது. ஆனா இனிமே தெளியவும் தெளியாது," என்றார் ப்லோவ்திவ் நகரத்து மருத்துவர். வலது கண் பரவாயில்லை. ஆனால் பியானோ தூரத்துக்குக் குறிகள் இரண்டு மடங்கு பெரிதாக இருந்தால்தான் அதற்கும் பிடிபட்டது.

தாள்களைப் பெரிதாக்கி நகல் எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு பாட்டும் ஒரு தலையணை ஆனது. இரண்டு வரிக்கு ஒரு பக்கம், இரண்டு கையும் கட்டையில், யார் புரட்டுவது? பக்கத்தில் ஓர் ஆளை உட்காரவைத்தால் ஏன் என்று கேட்பார்கள். கிறிஸ்துமஸ் கச்சேரியில் தாள்கள் சரிந்து பியானோவின் பெடல்கள்மேல் விழுந்தன. பாடகர் குழு பியானோ இல்லாமலேயே ஒரு பாட்டின் பாதியைப் பாடி முடித்தது.

பாடகர் குழுவின் நடத்துநர் மாயெஸ்த்ரோ திமோவ் கோபக்காரர் அல்ல. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள். "மே மாசக் கச்சேரிக்கு இசைப்பள்ளிக்குப் புதுசா வந்திருக்கே சியானா, அந்தப் பொண்ணையும் கேட்டுப் பாக்கலாமா?" என்றார், குரலை மெத்தையில் வைத்தாற்போல. "ஏப்ரல் கடைசியில ரெண்டு பேரும் வாசிங்க. நீங்களும் கொஞ்சம் ஓய்வெடுக்கலாம், இல்லையா?"

ஓய்வு. வீடு போய்ச் சேரும்வரை அந்தச் சொல் காலணிக்குள் கல்லாக உறுத்தியது.

இப்போது அட்டைப்பெட்டி அவள் சமையலறை மேசையில் இருந்தது. முதல் டேப்லெட்டுக்கு உயிர் வர நெடுநேரம் பிடித்தது. வந்ததும் அது செய்த முதல் காரியம், இசைத்தாள் காட்டும் செயலியை உள்ளே விட மறுத்தது. ஃபர்ம்வேர் பழையது. கருவியின் அடிமடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுப்பி நடத்தும் அந்த மென்பொருளை மாற்றாதவரை மேலே எதுவும் நடக்காது. தயாரித்த நிறுவனத்தின் வலைத்தளமே இப்போது இல்லை.

அவளுக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் தெரியாத ஊரின் வரைபடத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு வழி தேடுவது அவள் தொழில். இரண்டு சனிக்கிழமைகள் இணைய மன்றங்களில் அலைந்தாள். முன்பின் தெரியாத ஆட்கள் தங்கள் பழைய டேப்லெட்டுகளைப் பற்றி வீட்டுப் பிராணிகளைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கோழிக்கூண்டைக் கண்காணிக்க வைத்திருந்தார். இன்னொருவர் ரயில் நேரம் காட்டும் பலகையாக வாசற்கதவில் மாட்டியிருந்தார். படிக்கப் படிக்க நெவ்யானாவுக்குத் தூக்கம் போய்ப் பசி வந்தது. வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டே அடுத்த பக்கத்தைத் திறந்தாள்.

முதுகில் ஒட்டியிருந்த மாடல் எண்ணைப் பார்த்து ஒரு கோப்பை இறக்கினாள். ஒலி பொத்தானை அழுத்தியபடியே கேபிளைச் செருகினாள். கணினியில் ஒரு பச்சைப் பட்டை நகர ஆரம்பித்தது. பட்டை முடியும்வரை மேசையைக்கூட அவள் தொடவில்லை.

திரை எழுந்தது. தலைகீழாக.

விரலை வலப்பக்கம் வைத்தால் இடப்பக்கம் திறந்தது. மேலே தொட்டால் கீழே ஏதோ மூடியது. அந்த நேரம் பார்த்துக் கையில் பாலாடைக்கட்டிப் பலகாரப் பொட்டலத்தோடு உள்ளே வந்தாள் பாவ்லினா. பாடகர் குழுவில் ஆல்ட்டோ என்ற தாழ்ந்த பெண்குரல் வரிசையின் தூண். காலையில் பேக்கரி, மாலையில் ஊர் வம்பு.

"பானித்சா சூடா இருக்கு, சாப்பிடு. இதென்னடி, குடிச்ச மாதிரி நிக்குது?"

"வேற ஃபர்ம்வேர் போட்டுட்டேன்."

"அது எனக்கு வேற மொழி. தலைகீழா மாட்டி வைச்சுப் பாரு, சரியாப்போகும்."

"விரல் எதிர்ப்பக்கம் வேலை செய்யுது, பாவ்லினா!"

"என் வீட்டுக்காரன் இருபது வருஷமா அப்படித்தான் வேலை செய்யறான். தூக்கியா போட்டேன்?" பாவ்லினா மார்ச் மாதத்தில் வழக்கமாக மணிக்கட்டில் கட்டும் சிவப்பு வெள்ளை நூலைத் திருகிக்கொண்டே சுற்றிப் பார்த்தாள். "ஆமா, எதுக்குடி இதெல்லாம் உனக்கு?"

"சும்மா. வாசிக்கறதுக்கு."

சொன்னதும் நெவ்யானா எழுந்து தண்ணீர்க் குழாயைத் திறந்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ள ஒரு காரணம் வேண்டியிருந்தது. கண் பற்றி ஒருவரிடம் சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று ஒரு மூடநம்பிக்கை அவளுக்கு. சொல்லாதவரை அது மருத்துவரின் அறையில் மட்டும் நடந்த ஒன்று.

பாவ்லினா போன பிறகு, கிட்டார் மீட்டும் வில்லையை விளிம்பில் நுழைத்து டேப்லெட்டின் முதுகைக் கழற்றினாள். நகம் உடைந்தது. உள்ளே பச்சைப் பலகையின் ஓரத்தில் மணலைவிடச் சிறிய எழுத்துகள் தெரிந்தன. வெறும் கண்ணுக்குச் சிக்காது. செல்போனில் படம்பிடித்து விரலால் விரித்தாள். இன்னொரு டேப்லெட்டையும் கழற்றிப் படம் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அவள் வாய்விட்டுக் கத்திவிட்டாள். வெளியே ஒரே ஓடு, ஒரே மாடல் எண். உள்ளே வேறு வேறு பலகை! தயாரித்தவர்கள் கையில் கிடைத்ததை வைத்து மூடியிருக்கிறார்கள். ஓட்டின் எண்ணை நம்பியதுதான் தவறு. பார்க்க வேண்டியது பலகையின் எண்.

அந்த எண்ணைத் தேடியதும் ஒரு போலந்துக்காரர் கிடைத்தார். தேவையற்ற பாரத்தையெல்லாம் கழித்துவிட்டு, புதிய செயலிகளை ஏற்கும்படி ஒரு ஃபர்ம்வேரைச் செதுக்கி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டுப் போயிருந்தார். மறுபடி பொத்தான், கேபிள், பச்சைப் பட்டை. இம்முறை திரை நேராக எழுந்தது. விரல் வைத்த இடத்தில் திறந்தது. பள்ளி நாட்களில் பிள்ளைகளின் விரலுக்கு விக்கி விக்கி நகர்ந்த அதே சாதனம், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல நகர்ந்தது.

நெவ்யானா நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒன்றுக்கும் ஆகாதது! சமையலறையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். மறுபடி வந்து தொட்டுப் பார்த்தாள். நகர்ந்தது. சிறுமியைப்போல மறுபடி தொட்டாள்.

இசைத்தாளைத் திறந்து பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். ஐந்து கோடுகளும் வயல் வரப்புகளைப்போல விரிந்தன. ஒவ்வொரு குறியும் தனித்தனியாக, கறுப்பாக, தெளிவாக உட்கார்ந்திருந்தது. வலது கண் ஒன்றே போதும். பக்கம் புரட்டவும் செயலியில் வழி இருந்தது. முன்பக்கக் கேமரா முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். தலையை வலப்பக்கம் லேசாகத் திருப்பினால் அடுத்த பக்கம், இடப்பக்கம் திருப்பினால் முந்தைய பக்கம். கைகளுக்கு வேலையே இல்லை.

ஏப்ரல் முழுவதும் தினமும் பள்ளி விட்டு வந்து வாசித்தாள். பழைய கருவி ஆதலால் சற்று மந்தம். அசைவைப் பார்த்து, யோசித்து, அப்புறம் புரட்டியது. அந்தத் தாமதத்தையும் கற்றுக்கொண்டாள். வரி முடிவதற்கு ஒரு மூச்சு முன்பே தலையைத் திருப்பினாள். பக்கத்தில் ஆள் இல்லை, விழும் தாள் இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்து வாசித்தாள். எதிர்வீட்டுக்காரர் மிளகாய் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதே இல்லை என்பதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட இனித்தது. கறை கண்ணுக்குள்ளேயே இருந்துவிட்டுப் போகட்டும்; நாற்காலி தன்னுடையதாகவே இருக்கும்.

ஏப்ரலின் கடைசி வியாழன். அரங்கில் எல்லோரும் இருந்தார்கள். முன்வரிசையில் சியானா, மடியில் கோட்டை மடித்து வைத்துக்கொண்டு, பல் மருத்துவருக்குக் காத்திருப்பவளைப்போல. அவள் ஏற்கெனவே வாசித்துவிட்டாள். நன்றாகவே வாசித்தாள். நெவ்யானா பியானோ மேல் டேப்லெட்டை நிறுத்தினாள்.

"அடடா, டிவி வந்துருச்சு," என்றார் கனத்த ஆண்குரல்களின் பாஸ் வரிசையில் நின்ற கான்ச்சோ, பேருந்து ஓட்டுநர். "கால்பந்து எத்தனை மணிக்கு?"

சிரிப்பு. நெவ்யானாவும் சிரித்தாள். அவள் நெஞ்சு குதித்துக்கொண்டிருந்தது. பயத்தில் அல்ல, பரிசுப்பொருளை மறைத்துவைத்திருப்பவளின் அவசரத்தில். முதல் பக்கம் எதிரே பளிச்சென்று நின்றது. மாயெஸ்த்ரோ திமோவ் கோலை உயர்த்தினார்.

"தயாரா, நெவ்யானா?"

அவள் தலையாட்டினாள். அவள் நாட்டில் எல்லோரும் ஆட்டுவதுபோல: சரி என்றால் இடமும் வலமுமாக. இல்லை என்றால்தான் மோவாய் ஒருமுறை மேலே போகும்.

கோல் இறங்கியது. முதல் வரி விரல்களுக்கு மனப்பாடம். அது முடியும் நேரத்தில் கண் திரைக்குப் போனது. அங்கே இருந்தது நான்காவது பக்கம். மந்தமான கருவி, வலப்பக்கத் திருப்பங்களை எல்லாம் பிடித்துக்கொண்டு, இடப்பக்கத் திருப்பங்களைக் கோட்டைவிட்டிருந்தது. அவள் பதறித் தலையை இடப்பக்கம் திருப்பினாள். ஒரு பக்கம் பின்னால் வந்தது. இன்னும் போதாது.

"ஏதாவது பிரச்சனையா?" என்றார் மாயெஸ்த்ரோ, கையை நிறுத்தாமலேயே. "தொடரலாம்ல?"

நெவ்யானா ஆட்டினாள். பக்கங்கள் பறந்தன. உச்சக்குரல் சோப்ரானோக்கள் ஒரு திசையிலும் பியானோ இன்னொரு திசையிலும் போக, பாட்டு தடுமாறி நின்றது.

"மன்னிச்சுக்கங்க. முதல்ல இருந்து."

"நல்லது. இப்ப சரியா இருக்கா?"

ஆட்டக்கூடாது, ஆட்டக்கூடாது என்று கழுத்தை இறுக்கினாள். "சரி," என்று வாயால் மட்டும் சொன்னாள். ஆனால் அந்தச் சொல்லைத் தலை தனியே விடவில்லை. நாற்பத்தேழு வருடம் கூடவே ஆடிய தலை. பக்கம் புரண்டது.

அந்தச் செயலியை எழுதியவன் எந்த நாட்டுக்காரனோ! வீட்டில் ஒரு மாதம் வாசித்தும் இது ஏன் ஒரு தடவைகூட நடக்கவில்லை என்று அவள் திகைத்தாள். அப்புறம் புரிந்தது. வீட்டில் அவளிடம் தயாரா என்று கேட்க யாரும் இல்லை.

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முயன்று தோற்றார்கள். சியானா தன் கோட்டின் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாயெஸ்த்ரோ கோலைக் கீழே வைத்தார். அதே மெத்தைக் குரல். "நெவ்யானா, பேப்பர்லயே வாசிக்கலாமே. எதுக்கு இந்த விளையாட்டெல்லாம்?"

ஒரு சிரிப்போடு தப்பித்திருக்கலாம். புது விளையாட்டுச் சாமான், பிள்ளைகளுக்காகப் பழகிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அப்புறம் அவர் தாளை நீட்டுவார், தாளில் கோடுகள் நெளியும், ஓய்வு. அவள் எதிரே திரையில் குறிகள் பெரிதாக, கறுப்பாக நின்றன. இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதை விளையாட்டு என்று சொல்ல வாய் வரவில்லை.

"பேப்பர்ல எனக்குத் தெரியல, மாயெஸ்த்ரோ," என்றாள். "இடது கண்ணு போயிடுச்சு. வலது கண்ணுக்குப் பெருசா இருந்தாத்தான் தெரியும். இதுல தெரியுது. ரொம்ப நல்லாவே தெரியுது. தலையாட்டற ஒண்ணுதான் தப்பாப்போச்சு. எனக்கு ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க."

பாஸ் வரிசையில் ஒரு தாள் கீழே இறங்கியது.

"அட ஆண்டவா," என்றார் கான்ச்சோ. "பேப்பர்ல யாருக்குத் தெரியுது? போன வருஷத்துல இருந்து நான் பெத்கோ வாயைப் பாத்துத்தான் பாடறேன்."

"என் வாயையா?" என்றார் பக்கத்தில் நின்ற பெத்கோ. "நான் உன் வாயைப் பாத்துல்ல பாடிக்கிட்டிருக்கேன்!"

சிரிப்பு வெடித்தது. மாயெஸ்த்ரோவே முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனால் பாவ்லினா சிரிக்கவில்லை. ஆல்ட்டோ வரிசையை விட்டு இறங்கி வந்து பியானோமேல் முழங்கையை ஊன்றினாள்.

"எத்தனை மாசமா?"

"அக்டோபர்ல இருந்து."

"ஏண்டி, வாரம் ரெண்டு தடவை உன் வீட்டுல உக்காந்து தின்னுட்டுப் போறேன். என்கிட்டகூடச் சொல்லத் தோணலையா?"

"சொன்னா நிஜமாயிடும்னு..."

"இப்ப சொல்லிட்டே. வானமா இடிஞ்சுது?" பாவ்லினாவின் குரல் உடைந்து, அதை மறைக்கச் சத்தமாகியது. "சரி, சீக்கிரம் பண்ணு. அந்தச் சனியனை என்ன பண்ணணுமோ பண்ணு."

நெவ்யானா அமைப்புகளைத் திறந்தாள். பக்கம் புரட்டும் வழிகளின் பட்டியல் விரிந்தது. தலை வேண்டாம். அடுத்தது உதடு: வாயை ஒரு பக்கம் கோணினால் பக்கம் புரளும். வாசிக்கும்போது அவள் கூடவே முணுமுணுப்பாள், ஆகாது. அதற்கும் கீழே ஒன்று: கண் சிமிட்டல். ஒரு கண் மட்டும் மூடினால் அடுத்த பக்கம்.

எந்தக் கண் என்று கேட்டது.

படிக்கிற கண்ணை மூட முடியாது. இடது என்று தொட்டாள். மூடித் திறந்தாள். கருவி ஒரு மூச்சு யோசித்தது. பக்கம் புரண்டது. தலையை நன்றாக இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தாள். அசையவே இல்லை. மறுபடி சிமிட்டினாள். புரண்டது!

"வருது!" என்று கத்தினாள், வகுப்பில் முதல் விடையைச் சொன்ன பிள்ளையைப்போல. "மாயெஸ்த்ரோ, வருது!"

"தயாரா?"

அவள் ஆட்டினாள், இத்தனை மாதங்களுக்கும் சேர்த்து.

இம்முறை பியானோ குழுவுக்கு முன்னால் நடந்தது. குறிகள் வந்தன, விரல்கள் போயின, வரி முடியும் முன்பே இடது கண் மூடித் திறந்தது. ஆறேழு மாதமாக அவள் மறைத்து, சபித்து, ஒரு பக்கமாக ஒதுக்கிவைத்திருந்த கண் இப்போது பக்கத்துக்குப் பக்கம் வேலை பார்த்தது. அதை யோசிக்க நேரமில்லை. அடுத்த வரி வந்துகொண்டிருந்தது. கடைசிச் சுரம் அடங்கியதும் கான்ச்சோ கையை உயர்த்தினார்.

"ஒரு புகார். நெவ்யானா பாட்டு முழுக்க என்னைப் பாத்துக் கண்ணடிக்கிறா. எனக்கு வீட்டுல பொண்டாட்டி இருக்கு."

"உன்னைப் பாத்தா?" என்றாள் பாவ்லினா. "கண்ணு போனவகூட அந்தத் தப்பைப் பண்ண மாட்டா."

சிரிப்பு அடங்கும்வரை மாயெஸ்த்ரோ திமோவ் காத்திருந்தார். பிறகு சியானா பக்கம் திரும்பினார். அவர் வாயைத் திறக்கும் முன்பே அந்தப் பெண் எழுந்துவிட்டாள்.

"எனக்கு சோப்ரானோல ஓர் இடம் குடுங்க, போதும்," என்றாள். "உண்மையில பாடத்தான் வரணும்னு நெனச்சேன். யாரும் கேக்கல."

"வாங்க, வந்து நில்லுங்க." மாயெஸ்த்ரோ பியானோ பக்கம் வந்தார். குரலில் மெத்தை இல்லை, வழக்கமான கரகரப்பு. நெவ்யானாவுக்கு அதுவே மரியாதையாகப் பட்டது. "மே இருபத்திநாலு. கறுப்பு உடை. மேயர் முன்வரிசையில உக்காருவார், நீங்க கண்ணடிக்கறது அவரை இல்லைன்னு முன்கூட்டியே சொல்லி வைக்கறேன். அடுத்த பாட்டு. இரண்டாவது பகுதியில நீங்க அவசரப்படறீங்க."

"படறேன்," என்று ஒப்புக்கொண்டாள் நெவ்யானா. சந்தோஷத்தில் இன்னும் அவசரப்பட்டாள்.

பயிற்சி முடிந்து கோட்டு மாட்டும் நேரத்தில் பியானோவைச் சுற்றிக் கூட்டம். எனக்கொண்ணு, எனக்கும் ஒண்ணு, எழுத்து எவ்வளவு பெருசா வரும், இன்னும் பெருசா வராதா? பெத்கோ தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் திரையோடு முகத்தை ஒட்டிவைத்து, போன வருஷம் தான் பாடிய ஒரு சொல் தாளில் இல்லவே இல்லை என்று கண்டுபிடித்தார்.

வெளியே தெருவில் எலுமிச்சை நிற மாலை. மலை இன்னும் உச்சியில் பனி வைத்திருந்தது. நெவ்யானா பேசிக்கொண்டே நடந்தாள். மூச்சு விடாமல் பேசினாள். பெட்டியில் இன்னும் பாதிக்கு மேல் திறக்கவே இல்லை. உள்ளே ரெண்டு வகைப் பலகை, ஒவ்வொண்ணா கழற்றித்தான் தெரிஞ்சுக்கணும். ஒரு வகைக்குப் போலந்துக்காரர் ஃபர்ம்வேர் போதும், இன்னொண்ணுக்கு வேற தேடணும். முதல்ல தலைகீழா எழுந்துச்சே, அதைக்கூடச் சரி பண்ணிடலாம். நாளைக்கே ஆரம்பிச்சா...

"ம்," என்றாள் பாவ்லினா. "சொல்லு."

அவளுக்கு ஒரு வரியும் புரியவில்லை. வாசலில் இறங்கியபோது அவள் நெவ்யானாவின் வலப்பக்கம் இருந்தாள். தெருவைக் கடக்கும் இடத்தில், பின்னால் சுற்றி வந்து இடப்பக்கம் மாறிக்கொண்டாள். ஒரு மிதிவண்டி வந்தபோது லேசாகத் தோளால் இடித்து அவளை நிறுத்தினாள்.

"சொல்லுடி. ரெண்டு வகைப் பலகை. அப்புறம்?"